தெற்குப் பக்கத்து ஷட்டர்

டீச்சரிடம் போய், "மேகமலையில மழை" என்று சும்மா சொல்லிவிட முடியாது. சொன்னவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்.

"அங்கன மேகம் நிக்கிது. அது எனக்கும் தெரியிது. மழை பெஞ்சத நீங்க பாத்தீகளா?"

"சின்னமனூர்லருந்து வந்த பஸ்காரரு சொன்னாரு டீச்சர்."

"அவரு பாத்தாராமா?"

அப்புறம் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். போடியில் அவருக்குச் சிநேகிதம் குறைவாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் ஒருத்தி, "பொண்ணு தங்கமான குணம்" என்று சொல்ல, "எத்தன நாளு கூட இருந்து பாத்த?" என்று கேட்டவர் அவர். பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ துகளை ஆராயப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். டீச்சர் மட்டும், "பாத்துட்டு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நாம எதுக்கு வாயக் குடுக்கணும்?" என்று முடித்துவிட்டார்.

ஆண்டிப்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு போடியில். மதுரைக்கும் போடிக்கும் மீட்டர் கேஜ் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம் முழுக்க அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். எனக்கு அவர் பழக்கமானது அந்த வண்டியில் அல்ல. அந்த வண்டியின் பொம்மையில்.

எனக்குத் தேனியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், தன் அப்பா ஞாபகமாகப் பழைய குடோன் ஒன்றை மியூசியமாக மாற்றிக்கொண்டிருந்தார். தராசு, சலிக்கும் ஜல்லடை, எஸ்டேட் போட்டோக்கள் எல்லாம் சுவரோரமாக. நடுவில் நீளமான ஒரு மேஜை. அதன் மேல் போடியிலிருந்து ஆண்டிப்பட்டிக் கணவாய் வரைக்கும் ரயில் பாதை ஓட வேண்டும், பழைய வண்டிகள் எல்லாம் அதில் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்போது நிஜத் தண்டவாளத்தைப் பிரித்துப்போட்டு, அகலப் பாதைக்காக ஊரே வருடக்கணக்கில் காத்துக் கிடந்த நேரம். எஞ்சினும் மோட்டாரும் தண்டவாளமும் என் பொறுப்பு. பெட்டிகள், ஸ்டேஷன்கள், வழியில் உள்ள நிலம் எல்லாம் டீச்சர் பொறுப்பு. எப்போதோ ஒரு கண்காட்சியில் அவர் போடி ஸ்டேஷனைத் துணியில் பூவேலையாகச் செய்து வைத்திருந்ததை அண்ணாச்சி ஞாபகம் வைத்திருந்தார்.

முதல் நாளே தகராறு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இரும்புக்காக இந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அதற்கு முன்னால் ஓடிய வண்டியும் வேண்டும் என்றார் அண்ணாச்சி.

"நான் பாக்கல" என்றார் டீச்சர்.

"போட்டோ இருக்கு டீச்சர்."

"அப்ப போட்டோவையே மாட்டி வைங்க."

கடைசியில் அந்த வண்டியை நான்தான் போட்டோவைப் பார்த்து ஏனோதானோவென்று செய்தேன். அது கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கிறது. ஓடுபவை இரண்டே வண்டிகள். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போன கரி எஞ்சின் வண்டி ஒன்று. பிறகு வந்த டீசல் வண்டி ஒன்று. இரண்டும் போடியில் கிளம்பி ஆண்டிப்பட்டி தாண்டிப் போய் நின்று, அப்படியே பின்னாலேயே திரும்பி வரும். சுற்றி வளைத்துக் கொண்டுவரும் ஏற்பாடு எனக்குச் செய்யத் தெரியவில்லை என்பதே உண்மை.

அவர் வேலை செய்வதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். டீக்கடையில் காய்ச்சி எறிகிற தேயிலைத் தூளை வாங்கி வந்து வெயிலில் உலர்த்தி, பசை தடவிய பலகையில் தூவினால் அசல் செம்மண்ணும் கரிசலும் கலந்து கிடக்கிற நிலம் வந்துவிடும். சாக்கு நூலைப் பிரித்துப் புல். தீக்குச்சியில் தந்திக் கம்பம். ஒரு பம்புசெட் ரூம் சுவரில் பாதி அழிந்த பல்பொடி விளம்பரம், அதில் எந்த எழுத்துகள் அழிந்திருந்தனவோ அவற்றை மட்டும் விட்டு எழுதினார். ரயில்வே கேட்டில் மூன்று ஆடுகள் மேய்ந்தன. நான் அழகுக்காக நாலாவதாக ஒன்று வாங்கி வைத்தேன். மறுநாள் அது என் ஸ்குரூ டிரைவர் பெட்டிக்குள் கிடந்தது.

"கேட்டுக்காரர் வீட்டுல மூணு ஆடுதான் தம்பி."

"நாலாவது ஒண்ணு வாங்கியிருக்க மாட்டாரா டீச்சர்?"

"வாங்கியிருக்கலாம். நான் பாக்கலையே."

மூன்று மாதத்தில் மேஜையின் வடக்குப் பக்கம் முழுசாக முடிந்துவிட்டது. அகமலைப் பக்கத்து மலைகளின் வரிசை, அதற்குக் கீழே தென்னந்தோப்பு, வைகைப் பாலம், ஸ்டேஷன் பெயர்ப்பலகை, தண்ணீர்க் குழாய். அண்ணாச்சி வடக்குப் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். பிறகு மெதுவாக மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தெற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. தண்டவாளத்தை ஒட்டி வெறும் பிளைவுட். பெட்டிகளுக்குக்கூட அந்தப் பக்கம் பெயிண்ட் கிடையாது, சன்னல் கிடையாது.

"என்ன டீச்சர் இது, பாதி சேவிங்ல எந்திருச்சு வந்த மாதிரி இருக்கு?"

"அந்தப் பக்கம் நான் பாத்ததில்ல" என்றார் டீச்சர், சாதாரணமாக.

கேட்டால் கிறுக்குத்தனம் போலத் தோன்றும். ஆனால் அந்த வண்டியில் போய் வந்தவர்களுக்கு இது புரியும். போடியிலிருந்து ஆண்டிப்பட்டி நேர் கிழக்கு. புரட்டாசி முதல் பங்குனி வரைக்கும் வெயில் தெற்குப் பக்கத்துச் சன்னலில்தான் அடிக்கும், போகும்போதும் வரும்போதும். சித்திரை, வைகாசி பள்ளிக்கூடம் லீவு. ஆனி பிறந்துவிட்டால் கணவாய்க் காற்று தெற்கும் மேற்குமாகச் சுழற்றி அடித்து மண்ணை வாரி முகத்தில் எறியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஓடிப்போய் வடக்குச் சன்னலைப் பிடிப்பார்கள். லேட்டாக வந்தவர்களுக்குத்தான் தெற்கு. அவர்களும் உட்கார்ந்த உடனே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நானும் யோசித்துப் பார்த்தேன். தேனியில் பிறந்து, எத்தனையோ தடவை அந்த வண்டியில் மதுரைக்குப் போயிருக்கிறேன். தெற்குப் பக்கம் என்ன இருந்தது? தகர ஷட்டர் இருந்தது. அதற்கு வெளியே ஒன்றும் ஞாபகம் இல்லை.

அண்ணாச்சி கெடு வைத்தார். புது வண்டி போடிக்கு வரும் அன்றைக்கே மியூசியத்தையும் திறக்க வேண்டும். அதற்குள் தெற்குப் பக்கம் முடியவில்லை என்றால் மதுரையிலிருந்து ஆள் வந்து ஒரு சீனரியை ஃபிளெக்ஸ் அடித்து ஒட்டிவிட்டுப் போவான், பெட்டிகளையும் அவனே பெயிண்ட் அடித்துவிடுவான்.

"சுவிட்சர்லாந்து மாதிரி எதையாச்சும் ஒட்டிப்புடுவான்" என்றேன் நான், டீச்சரைக் கிளப்பிவிட.

அவர் கிளம்பவில்லை. பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து அதன் வெறும் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி அது. வடக்குச் சன்னல் ஒன்றில், மடியில் தையல் துணியோடு ஒரு சின்னப் பெண் பொம்மை வெளியே பார்த்தபடி இருக்கும். அவர்தான் அது. எனக்கு முன்பே தெரியும், கேட்டதில்லை.

"அவுக இந்தப் பக்கந்தான் உக்காருவாக" என்றார்.

அவருடைய கணவரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. போடியில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். அவர் கணவர் ஆண்டிப்பட்டியில் யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். கல்யாணமாகி ஐந்தாறு வருடத்தில் யாரோ எதையோ வந்து சொல்ல, கணவர் அதை நம்ப, டீச்சர் தன் துணிமணியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் வீடு பார்த்துப் போய்விட்டார். யார், என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லப்போனால் டீச்சர் ஆவியாக வந்து குறுக்கு விசாரணை செய்வார். பிரிந்த பிறகும் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி. கடைசிப் பெட்டிதான் ஆண்டிப்பட்டி ஸ்டேஷன் வாசலுக்கு நேரே நிற்கும் என்பதால் ஒரே பெட்டி. இடம் மாறினால் தோற்றதாக ஆகிவிடும் என்று இரண்டு பேருமே மாறவில்லை. டீச்சர் வடக்கு, கணவர் தெற்கு. நடுவில் ஆள் நடக்கிற வழி.

"பதினோரு வருசம் தம்பி. ஒரு வார்த்தை கெடையாது. எல்லாரும் ஷட்டரப் போட்டுருவாக. அவுக மட்டும் தொறந்து வெச்சிருவாக. மண்ணெல்லாம் பறந்து வந்து என் துணி மேல விழுகும். நான் ஏன்னு கேக்கல. அப்பிடியே வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டே வருவாக. பதினோரு வருசத்துல ஒரு நாளு இங்கிட்டுத் திரும்பிப் பாக்கல."

பிறகு, "வண்டி நின்ன மறு வருசம் தவறிட்டாக. போயி நின்னுட்டு வந்தேன்" என்றார். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. ஆட்டுக் கணக்குச் சொன்ன அதே குரல்தான்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

தெற்குப் பக்கத்துக்குச் சாட்சி தேடினோம். முதலில் வண்டியில் போனவர்களை விசாரித்தோம். ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், உசிலம்பட்டிச் சந்தைக்கு வெற்றிலை கொண்டுபோனவர், வண்டியில் வடை விற்றவர். எல்லாரும் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார்கள். "தெக்குப் பக்கமா? அங்கன..." என்று இழுத்துவிட்டு நின்றார்கள். வெற்றிலைக்காரர் கொஞ்சம் தாக்குப்பிடித்து ஒரு கோயில் கோபுரம் வரைக்கும் வந்தார். டீச்சர் அதன் நிறத்தைக் கேட்டதும், "ஷட்டரு போட்டிருந்துச்சுங்க டீச்சர்" என்று ஒப்புக்கொண்டார்.

ஆக, வண்டிக்குள் இருந்த ஒருவருமே பார்க்கவில்லை. நான் சலித்துப்போய் ஃபிளெக்ஸே ஒட்டிவிடலாம் என்றேன். டீச்சர்தான், "வண்டிக்குள்ள இருந்தவுக பாக்கலைன்னா, வெளிய நின்னவுக பாத்திருப்பாகல்ல?" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு பதினைந்து நாள் என் கடை அரை நேரம்தான். டீச்சரை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, பாதைக்குத் தெற்கே நிலம் வைத்திருந்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், கேட்டுக்காரரின் மருமகள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். இவர்கள் கெட்டி சாட்சிகள். ஒரு விவசாயி தன் கிணற்று மேட்டில் நின்ற வேப்பமரத்தின் எந்தக் கிளை ஒடிந்திருந்தது என்பதுவரை சொன்னார். இன்னொரு சாட்சியும் அதையே சொன்ன பிறகே டீச்சர் நோட்டில் ஏற்றினார். பெட்டிகளைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒரே வார்த்தைதான்: மூடித்தான் போகும். ஆகவே தெற்குப் பக்கத்துச் சன்னல்கள் அத்தனைக்கும் ஷட்டர் என்று முடிவானது. வேலை சுலபமாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கடைசி சாட்சி ஆண்டிப்பட்டிக்கு முன்னால் பாதையோரத் தோட்டத்தில் மல்லிகைப் பூ எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. இப்போது வயதாகி, மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். வண்டி அந்த இடத்தில் சிக்னலுக்காக ஊர்ந்துதான் போகுமாம்.

"எல்லாச் சன்னலும் மூடியிருந்துச்சா ஆத்தா?" என்று டீச்சர் நோட்டைப் பார்த்தபடியே கேட்டார். பதில் என்ன வரும் என்று தெரிந்த கேள்வி.

"இல்ல டீச்சரம்மா. கடேசிப் பெட்டியில ஒண்ணு மட்டும் தொறந்திருக்கும்."

பென்சில் நின்றது. "எத்தனாவது சன்னல்?"

"பின்னாலருந்து மூணாவது. ஒரு ஆளு உக்காந்திருப்பாரு. வெள்ளச் சட்ட. காலருக்குள்ள கைக்குட்டய மடிச்சு வெச்சிருப்பாரு, கழுத்துல வெயிலு சுள்ளுனு படுமில்ல."

"மொகம்?"

"மொகத்த யாரு பாத்தா? முதுகுதான் தெரியும். ஒரு நாளும் வெளிய பாத்ததில்ல அந்த மனுசன். உள்ள திரும்பியேதான் உக்காந்திருப்பாரு. பின்னந்தலையில வெள்ளையா ஒரு திட்டு, ஒத்த ரூவா அகலத்துக்கு. நாங்க பூவெடுக்குற பொம்பளைக எல்லாம் 'ஒத்த ரூவாக்காரரு போயிட்டாரு, மணி எட்டாச்சு'ன்னு சொல்லித்தான் கூடையத் தூக்குவோம்."

டீச்சர் உடனே விட்டுவிடவில்லை. அவருக்கே உரிய விசாரணையை முழுசாக நடத்தினார்.

"எத்தன நாளு பாத்தீக?"

"தெனமும் பாப்போம்."

"தெனமும்னா? ஞாயித்துக்கெழம?"

"லீவு நாள்ல அந்த ஷட்டரும் மூடித்தான் கெடக்கும்."

"நீங்க ஒருத்தரு மட்டுமா பாத்தீக?"

"எட்டுப் பொம்பளைக பாத்தோம். அஞ்சு பேரு உசுரோட இருக்காக, போய்க் கேளுங்க."

போய்க் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து இரண்டாவது சாட்சி இல்லாமல் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

திரும்பி வரும்போது தேனிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீச்சர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். "அந்தத் திட்டு பொறவியிலேயே இருந்துச்சாம்" என்றார். பிறகு வழக்கம் விடாமல், "அவுக அம்மா சொன்னாக" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மூன்று மாதமாக ஆட்டுக்கும் வேப்பமரத்துக்கும் என்னைக் குடைந்தெடுத்ததற்குப் பழிவாங்குவது மாதிரி அந்தக் கேள்வி வெளியே வந்துவிட்டது.

"வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டே வருவாகன்னு சொன்னீகளே டீச்சர். நீங்க பாத்தீகளா?"

கேட்ட உடனே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பாக்கல" என்றார்.

அவ்வளவுதான். டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்காமலேயே வந்து வண்டியில் உட்கார்ந்தார்.

தெற்குப் பக்கம் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்தது. எல்லாச் சன்னலுக்கும் சாம்பல் நிற ஷட்டர். கடைசிப் பெட்டியில் பின்னாலிருந்து மூன்றாவது மட்டும் திறந்திருக்கும். அதில் வெள்ளைச் சட்டைப் பொம்மை ஒன்று, முதுகைக் காட்டிக்கொண்டு. காலருக்குள் நூல் அகலத்துக்கு ஒரு கைக்குட்டை. பின்னந்தலையில் குண்டூசி முனையால் வைத்த ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிக்கு மட்டும் ஒரு காலைப் பொழுது முழுக்க எடுத்துக்கொண்டார். எத்தனை தடவை அழித்து வைத்தார் என்று சொல்லமாட்டேன்; நான் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

பசை காய்ந்த பிறகு பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தோம். தெற்குச் சன்னல் பொம்மை நேராக வடக்குச் சன்னல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடக்குச் சன்னல் பொம்மை அகமலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "டீச்சர், ஒரு சொட்டு தின்னர் விட்டா பசை இளகிரும். உங்க பொம்மைய லேசா இந்தப் பக்கம் திருப்பி வெச்சிருவமா?" என்றேன்.

அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தண்டவாளத்தில் வைத்தார். சக்கரம் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்தார்.

"நான் திரும்பலையே தம்பி."

புது வண்டி மாலையோடும் கூட்டத்தோடும் போடிக்கு வந்தது. மியூசியமும் திறந்தாயிற்று. அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் பரம திருப்தி. வருகிற பிள்ளைகள் தெற்குப் பக்கம் வந்ததும், "ஏன் அந்த ஒருத்தர் மட்டும் வெளிய பாக்காம உக்காந்திருக்காரு?" என்று தவறாமல் கேட்கிறார்கள். டீச்சர் இருந்தவரைக்கும், "எட்டுப் பேரு பாத்திருக்காக" என்பதே அவருடைய பதிலாக இருந்தது. கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளைகள் விழிப்பார்கள்.

டீச்சர் போன தையில் தவறிவிட்டார். மியூசியத்தின் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை போய்த் தூசி தட்டி, மோட்டார் பிரஷ்ஷைப் பார்த்து, வண்டியை இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பேன். ஆள் யாரும் இருக்கமாட்டார்கள். தின்னர் பாட்டில் பக்கத்து அலமாரியிலேயே இருக்கிறது, ஒரு சொட்டுப் போதும். இதுவரைக்கும் அதை நான் திறக்கவில்லை.